ஒரே லோடு இரண்டு முறை ஏறுகிறது, அவசரம்

மாந்தோப்பு_கணினி:
காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழக்கூழ் ஆலையில் வேலை. எடைமேடை கணினியிலிருந்து ஆபீஸ் சர்வருக்கு எடை போகிறது. சில லோடு இரண்டு முறை பதிவாகிவிடுகிறது. பிழை எதுவும் வரவில்லை. வெளியே பெங்களூரா மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நிற்கின்றன. சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓசூர்_இரவுப்பணி:
எந்த மொழி? எப்படி அனுப்புகிறீர்கள்? சர்வர் என்ன ஸ்டேட்டஸ் கோடு (வேலை ஆயிற்றா இல்லையா என்று சொல்லும் எண்) தருகிறது? பிழை வரவில்லை என்றால் திரையிலா, நடந்ததைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பிலா?

பாலக்கோடு_பையன்:
நெட் பிரச்சினைதான் அண்ணா. கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மாந்தோப்பு_கணினி:
பைத்தான், ஹெச்டிடிபி போஸ்ட் (வெப் வழியாகத் தரவு அனுப்பும் முறை). லாகில் 200 தான், அதாவது ‘சரி’ என்றுதான் இருக்கிறது. கேபிள் புதுசு.

மூத்த_நிரலர்:
200 வந்தாலே வேலை முடிந்தது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதிலைத் திறந்து பார்த்தீர்களா தம்பி? உள்ளே ‘தோல்வி’ என்று இருக்கும். கோடு 4-இல் தொடங்கினால் அனுப்பியவர் தப்பு, 5-இல் தொடங்கினால் சர்வர் தப்பு. இதை எத்தனை முறைதான் எழுதுவது?

பர்கூர்_பையன்:
ஐயா, ஜிஆர்பிசியில் (ஒரு புரோகிராம் இன்னொரு கணினியில் உள்ள சேவையை அழைக்கும் முறை) சேவை பிழை சொன்னாலும் ஹெச்டிடிபி 200 தான். உண்மையான நிலை பதிலின் கடைசியில் ஒட்டி வரும் டிரெய்லரில் வரும், 0 முதல் 16 வரை ஒரு எண்ணாக. அதுவும் தப்பா?

மூத்த_நிரலர்:
அதைப் படிக்க அதற்கென்றே நூலகம் இருக்கிறது. கணினிகள் செய்தி பரிமாறும் பழைய முறையான சோப் 1.1-ஐப் பாருங்கள். பிழை என்றால் 500 தந்தே ஆகவேண்டும் என்று 2000-லேயே எழுதிவிட்டார்கள்.

பர்கூர்_பையன்:
இன்றைக்கு அந்த சோப்பை வைத்துக் குளிக்கத்தான் முடியும்.

ஓசூர்_இரவுப்பணி:
சண்டை அப்புறம். நண்பரே, டைம்-அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) எவ்வளவு? பதில் வராவிட்டால் திரும்ப அனுப்புகிறதா?

மாந்தோப்பு_கணினி:
5 நொடி. ஆமாம், மூன்று முறை அனுப்பும். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது, சொல்ல மறந்துவிட்டேன். சர்வர் எடையைப் பதிந்து, பிரிண்டரில் எடைச்சீட்டு அடித்த பிறகுதான் பதில் தரும்.

ஓசூர்_இரவுப்பணி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பிரிண்டர் இழுத்தால் 5 நொடி தாண்டிவிடும். சர்வர் பதிந்தாயிற்று, பதில்தான் வந்து சேரவில்லை. டைம்-அவுட் என்றால் தோல்வி இல்லை, என்ன ஆனது என்று தெரியாது, அவ்வளவுதான். நீங்கள் திரும்ப அனுப்புகிறீர்கள், இன்னொரு வரி ஏறுகிறது. லாகில் இருக்கும் 200 அந்த இரண்டாவதற்கு வந்தது. எடைமேடையிலேயே ஒவ்வொரு லோடுக்கும் ஒரு எண் கொடுங்கள். திரும்ப அனுப்பும்போதும் அதே எண் போகவேண்டும். டேட்டாபேஸில் அதற்கு யூனிக் போடுங்கள், ஒரே எண் இரண்டு முறை ஏறாது. மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே தரட்டும்.

பாலக்கோடு_பையன்:
வண்டி நம்பரே போதுமே? இல்லை, டைம்-அவுட்டை 60 ஆக்கினால்?

ஓசூர்_இரவுப்பணி:
ஒரே டிராக்டர் ஒரு நாளில் இரண்டு நடை வராதா? 60 ஆக்கினால் குறையும், போகாது. இன்னொன்று, 400 வந்தால் திரும்ப அனுப்பாதீர்கள், அதே பதில்தான் வரும். 503 (சர்வரால் இப்போது முடியவில்லை) வந்தால் பதிலோடு ரீட்ரை-ஆஃப்டர் ஹெட்டர் இருக்கிறதா பாருங்கள், அதில் சொன்ன நேரம் பொறுங்கள்.

மூத்த_நிரலர்:
போஸ்ட்டைக் கண்மூடித்தனமாகத் திரும்ப அனுப்பாதே என்று ஹெச்டிடிபி விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 9110-லேயே இருக்கிறது. 2022. யார் படிக்கிறார்கள்?

மாந்தோப்பு_கணினி:
பிரிண்டர்தான், ரிப்பன் சிக்கியிருந்தது. எண் போட்டாயிற்று. இரட்டைப் பதிவுகளைக் கையால் நீக்கிக்கொண்டிருக்கிறேன். நன்றி.

பர்கூர்_பையன்:
இருங்கள், அந்த லோடுகளுக்கு இரண்டாவது சீட்டும் அடித்திருக்குமே, அது யார் கையில் இருக்கிறது?