கைவினை சோப்புக்கு விலை வைக்கறது: பெங்களூர்ல உங்க அனுபவம் சொல்லுங்க

அல்சூர்க்காரி:
இந்திராநகர்ல ஒரு பொட்டிக். என் குப்பைமேனி சோப்பு 100 கிராம், எம்ஆர்பி 180. நூத்துக்கு நாப்பது அவங்களுக்கு, வித்தப்புறம்தான் காசு. என் கைக்கு 108. போன வாரம் சரக்கு கொடுக்கப் போனா, கல்லாவுல இருந்த பொண்ணு என் லேபிள்ல 180-ஐ நகத்தால சுரண்டிட்டிருக்கா. நகக்கண்ணெல்லாம் கருப்பு மை. பக்கத்துல 350-னு அடிச்ச ஸ்டிக்கர் ரோல். "வாங்கக்கா"ன்னு சிரிக்கறா, கை மட்டும் நிக்கலை. ஓனரம்மாவைக் கேட்டா, "உங்க விலைக்கு வெச்சா இந்த ரோட்ல யாரும் நம்பி வாங்க மாட்டாங்க"ங்கறாங்க. அது இன்னும் உள்ள குடையுது. ஆறு வாரம் காய வெச்ச சோப்பு 350-க்குப் போகும்னா எனக்கு ஏன் 108?

ஆர்.டி. நகர் அம்மா:
எனக்கு நேரெதிர். கிரகப்பிரவேசத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட், 150 சோப்பு. தூரத்துச் சொந்தம், மாமா முறை. எங்க சோபாவுல உக்காந்து போன்ல கணக்குத் தட்டறார். "எண்ணெய் எவ்வளவும்மா பிடிக்கும்? காஸ்டிக் சோடா கிலோ என்ன விலை?" கடைசியில போனை என் பக்கம் திருப்பினார்: 42. "மேல உனக்கு மூணு ரூபா, 45-ன்னு முடிச்சுக்கலாம்." மாமி புடவைத் தலைப்பையே பார்த்துட்டிருந்தாங்க. "வெட்டும்போது 112 கிராம் மாமா, தண்ணி வத்தி 100-க்கு வரும். அதுவரைக்கும் திருப்பித் திருப்பி வெக்கறது யாரு?"ன்னேன். "வீட்ல சும்மா இருக்கற நேரம்தானே"ன்னார். ஆர்டர் வேண்டாம்னுட்டேன். 2025-ல தேங்காய் எண்ணெய் ஏறின ஏத்தத்துக்கு அந்த 42-ஏ கட்டாது, அது வேற விஷயம். சும்மா இருக்கற நேரமாம்.

கோரமங்களா:
அல்சூர் சிஸ்டர், அவங்க பண்றது சட்டப்படி தப்பு. 2011 பொட்டலப் பொருள் விதிகள்படி அச்சடிச்ச எம்ஆர்பியைக் கடைக்காரர் அழிக்கவோ மாத்தவோ கூடாது. விலையைக் குறைக்கத்தான் ஸ்டிக்கர் ஒட்டலாம், அப்பவும் பழைய விலை தெரியணும். லேபிள்ல உங்க பேரும் விலாசமும் இருக்கு, ஆய்வு வந்தா கேள்வி உங்ககிட்டயும் வரும். எழுத்துல கேளுங்க.

ஆர்.டி. நகர் அம்மா, மாமாகிட்ட ஏன் விளக்கிட்டிருந்தீங்க? கணக்கை மாத்துங்க. பொருள், டப்பா, கரண்ட், உடைஞ்சது, உங்க மணிக்கூலி, எல்லாம் கூட்டி இரண்டால பெருக்குங்க, அது மொத்த விலை. அதை இன்னொரு இரண்டு, அது சில்லறை. கடைக்கு நாப்பது போனாலும் தாங்கும். ஜிஎஸ்டி: குளியல் சோப்புக் கட்டிக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18 போய் 5 சதவீதம். பதிவு இல்லாதவங்க பில்லுல வரி வாங்க முடியாது, ஆனா டப்பாவுக்கும் எண்ணெய்க்கும் கட்டற வரி உங்க செலவுதான், அதையும் சேருங்க. 2020 அழகுசாதன விதிகள்படி தயாரிப்பு லைசென்ஸும் வேணும், அந்தச் செலவையும் ஒவ்வொரு கட்டி மேலயும் போடுங்க. என் கதை சின்னது: ஒயிட்ஃபீல்டு ஸ்டால்ல ஒருத்தர் முகர்ந்து பார்த்து, "மைசூர் சாண்டல் இதைவிட மலிவு"ன்னார். அதையே வாங்கிக்கங்க சார்னேன்.

மல்லேஸ்வரம் 8வது கிராஸ்:
கோரமங்களா, உங்க இரண்டு இரண்டு பெருக்கல் என் தெருவுல செல்லாது. அப்படிப் போட்டா என் வேப்பிலை சோப்பு 300-ஐத் தாண்டும். வாங்க வந்தவரை மைசூர் சாண்டலுக்கு அனுப்பறதும் வியாபாரமில்ல. அவர் கையில எடுத்து முகர்ந்திருக்கார்.

எங்கிட்ட ஒரு பாட்டி வருவாங்க, கையில சுருட்டின நூறு ரூபா. "பாதி வெட்டிக் கொடும்மா." வெட்டினேன், தராசுல 52 கிராம் காட்டுச்சு. 90 வாங்கிக்கிட்டேன். பாட்டி மீதிப் பத்தை எண்ணி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, வெட்டின பக்கத்தைக் கட்டைவிரலால தடவிப் பார்த்து, "உள்ளயும் அதே பச்சைதான்"னாங்க. முழுக் கட்டி 180-ங்கறதுல ஒரு பைசா குறைக்கச் சொல்லலை, பேரமே பேசலை. இப்ப அரைக் கட்டின்னே தனியா 50 கிராம், 95 ரூபா, அதுக்கும் எடையும் எம்ஆர்பியும் போட்ட லேபிள். முழுசைவிட அதுதான் முதல்ல தீருது.

ஆர்.டி. நகர் அம்மா:
50 கிராமுக்கு அச்சு தனியா வாங்கினீங்களா, இல்ல பெரிய கட்டியையே வெட்டறீங்களா? எனக்கு காஞ்சப்புறம் வெட்டினா ஓரம் உதிருது.

மல்லேஸ்வரம் 8வது கிராஸ்:
அதே அச்சுதான். ஊத்தின மறுநாள் மெத்துனு இருக்கும்போதே கம்பியால அறுத்துடுங்க, அப்புறம் ரேக்ல ஏத்துங்க. காயற நஷ்டத்துக்கு 56 கிராமா அறுக்கணும்.