புதுப்பிப்பு: ஏடபிள்யூஎஸ் சான்றிதழ், எதில் தொடங்குவது?

சர்வர் சப்போர்ட்டிலிருந்து கிளவுடுக்கு மாற, ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) தரும் சான்றிதழ்களில் எது முதலில் என்ற என் பழைய இழையின் தொடர்ச்சி இது. லினக்ஸும் நெட்வொர்க்கும் கைவந்தவர்கள் நேரே அடுத்த நிலைச் சான்றிதழான சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்டுக்கே போகலாம். முன்தகுதி எதுவும் கிடையாது. புதியவர்களுக்கு, தொடக்கநிலைச் சான்றிதழான கிளவுட் பிராக்டிஷனரின் 100 டாலர் கட்டணம் வீண் இல்லை: தேறினால் அடுத்த தேர்வு பாதி விலை, அசோசியேட்டுக்கு 150க்குப் பதில் 75.

ஆங்கிலம் தாய்மொழி அல்லாதோருக்கு 30 நிமிடம் கூடுதலாகத் தருவார்கள். அசோசியேட் தேர்வின் 130 நிமிடம் 160 ஆகும். தேர்வுத் தேதியைப் பதியும் முன்பே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வினாக்கள் நீளமானவை, விட்டுவிடவே கூடாது.

பாடத்தில் பலர் சறுக்குவது விபிசியில் (ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் நமக்கென அமைக்கும் தனி நெட்வொர்க்). நாட் கேட்வேயை (உள்ளிருக்கும் சர்வர்கள் இணையத்துக்குப் போகும் வாசல்) பிரைவேட் சப்நெட்டில், அதாவது இணையத்தோடு நேரடித் தொடர்பில்லாத பகுதியில், வைத்துவிட்டு, இணையம் வரவில்லையே என்று தேடுவார்கள். அதை இணையத்தோடு நேரடித் தொடர்புள்ள பப்ளிக் சப்நெட்டில் வையுங்கள். பிரைவேட் பக்க ரூட் டேபிளில் (எந்த டிராஃபிக் எங்கே போகவேண்டும் என்ற பட்டியல்) 0.0.0.0/0, அதாவது மற்ற எல்லா முகவரிகளும், நாட் கேட்வேக்குப் போகட்டும். நாட் கேட்வே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு பிடிக்கும். பழகி முடித்ததும் அழித்துவிட்டு, அதற்காக எடுத்த எலாஸ்டிக் ஐபியையும் (நிலையான பொது ஐபி முகவரி) விடுவியுங்கள்.