புதுப்பிப்பு: அந்தப் போலிக் கணக்கு போய்விட்டது

போன வாரம் எழுதியதற்குத் தொடர்ச்சி. அதைப் படிக்காதவர்களுக்கு: களியக்காவிளையிலிருந்து தினமும் பாறசாலை தாண்டிக் கல்லூரிக்குப் போகும் என் சித்தி மகளின் முகத்தை ஒரு ஆபாசப் படத்தில் ஒட்டி, அவள் பெயரிலேயே இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கியிருந்தார்கள். புகார் கொடுக்கப் போனால், இந்தப் பக்க ஸ்டேஷனில் ‘கல்லூரி கேரளாவில்தானே’, அந்தப் பக்கம் ‘வீடு தமிழ்நாட்டில்தானே’ என்று பந்தாடினார்கள்.

இப்போது வழக்கு பதிவாகிவிட்டது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர் என்பது இதுதான். இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்ணைச் சொன்னதும் குரலே மாறியது!

படத்தை நீக்க வழக்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் இப்படி ஒட்டுப்போட்ட படங்களையும் நிறுவனம் நீக்கியாக வேண்டும். கணக்கு மறுநாளே போனது.

நாங்கள் செய்த தப்பு: பதற்றத்தில் அவள் மிரட்டல் செய்திகளையெல்லாம் அழித்துவிட்டாள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் மிச்சம், அதிலும் கணக்கின் இணைப்பு இல்லை. நல்லவேளை, தோழி ஒருத்தி அதைக் குறித்து வைத்திருந்தாள். எதையும் அழிக்காதீர்கள், இணைப்பு, தேதி, நேரம் மூன்றும் வேண்டும்.

செய்தவன் யாரென்று இன்னும் தெரியவில்லை. சித்தி அவளுடைய போனைப் பிடுங்கி வைத்திருக்கிறார். அது தனிப் பஞ்சாயத்து, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேச வேண்டும்.