ஸ்கட்லிங்: அமிழ்த்திவைப்பா, அமிழ்த்தழிப்பா?

வணக்கம்.

ஸ்கட்லிங் (scuttling) என்றால் ஒரு கப்பலை அதை வைத்திருப்பவர்களே வேண்டுமென்று நீரில் அமிழ்த்துவது. அதற்குத் தமிழ்ச் சொல்லாகத் ‘தன்னழிப்பு’ என்று நேற்று வந்த பரிந்துரையைப் பார்த்தேன். சொல் கச்சிதம்தான். ஆனால் 1707-இல் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் நடந்ததற்கு அது பொருந்தாது.

ஸ்பானிய வாரிசுரிமைப் போரின்போது, அந்த ஆண்டு ஜூலைக் கடைசியில், பிரான்சின் எதிரணியில் இருந்த சவாய் கோமகன் இரண்டாம் விக்டர் அமடேயுஸும் இளவரசர் யூஜினும் தரைவழியாக வந்து தூலோனை முற்றுகையிட்டார்கள். கடல் பக்கம் ஆங்கிலேய அட்மிரல் ஷவலின் கப்பற்படை. பிரான்சின் மத்தியதரைக் கடற்படை முழுக்க அந்தத் துறைமுகத்துக்குள் கட்டிக்கிடந்தது. ஊர் விழுந்தால் கப்பல்களும் போகும். ஊர் விழாவிட்டாலும் எரிகுண்டு வந்து விழலாம். மரக்கப்பலுக்குத் தண்ணீரைவிடத் தீதானே எமன்! அதனால் 40-க்கும் மேற்பட்ட கப்பல்களுக்குள் பிரெஞ்சுக்காரர்களே தண்ணீரை விட்டு, துறைமுகத்தின் ஆழமில்லாத தரையில் உட்காரவைத்தார்கள். ஆபத்து விலகியதும் இறைத்து மேலே எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. பிரெஞ்சு மார்ஷல் தெஸ்ஸே ஆகஸ்ட் 15 அன்று எதிர்த்தாக்குதல் நடத்தி மேட்டு நிலைகளைப் பிடித்தார். ஒரு வாரத்தில் முற்றுகை கலைந்தது.

இதைத் தன்னழிப்பு என்றால், நகையைக் கிணற்றில் போட்டு ஒளித்தவரை நகையைத் தொலைத்தவர் என்று சொல்வதுபோல் ஆகும்.

அதே தூலோனில் 1942 நவம்பர் 27 அன்று, ஜெர்மானியர் கையில் சிக்கக்கூடாது என்று பிரெஞ்சுக் கடற்படை தன் கப்பல்களை வெடிவைத்தும் நீரை உள்ளே விட்டும் மூழ்கடித்தது. அதற்குத் தன்னழிப்பு சரி. ஒரே துறைமுகம், ஒரே ஆங்கிலச் சொல், நோக்கம் மட்டும் நேரெதிர்.

இந்த வேறுபாட்டைக் காட்டத் தமிழில் துணைவினை தயாராக இருக்கிறது. ‘எடுத்துவை’ என்றால் பின்னால் தேவைப்படும் என்று பொருள். ‘எடுத்துவிடு’ என்றால் அத்தோடு முடிந்தது. அதனால் பொதுச்சொல்லாக ‘கப்பல் அமிழ்த்தல்’, தூலோன் 1707-க்கு ‘அமிழ்த்திவைப்பு’, 1942-க்கு ‘அமிழ்த்தழிப்பு’ என்று மூன்று பதிவுகள் போடலாம். வைப்பு என்ற சொல்லை வங்கியில் ‘வைப்பு நிதி’ என்று தினமும் பார்க்கிறோம். புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. (தூலோன் வைப்புக்கு வட்டி கிடைக்கவில்லை என்பது வேறு கதை. மேலே எடுத்த கப்பல்களில் பல பழுதாகி, மறுபடி கடலுக்கே போகவில்லை.)

‘கவிழ்த்தல்’ வேண்டாம், கவிழ்ந்த கப்பல் பக்கம் சாய்ந்து புரண்டது, தரையில் நேராக உட்கார்ந்தது அல்ல. ‘மூழ்கடித்தல்’ எதிரி செய்வதற்கும் வரும். ‘துளையிடல்’ என்ற யோசனைக்கு ஒரு நியாயம் உண்டு: ஸ்கட்டில் என்பதே கப்பலில் உள்ள சிறு திறப்பின் பெயர். ஆனால் வால்வைத் திறந்தே அமிழ்த்த முடியும்போது துளை எதற்கு?

எனக்கு இன்னும் உறுத்துவது ‘அமிழ்த்தழிப்பு’தான். வாயில் கொஞ்சம் இடறுகிறது. யாருக்காவது இதைவிட நல்ல வடிவம் தோன்றினால் சொல்லுங்கள். ‘வைப்பை’ மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.