தம்பியின் இரசாயனவியல் 'எஸ்'

தம்பி உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதினவன். பெறுபேறு வந்த இரவு உயிரியலுக்கும் பௌதிகவியலுக்கும் 'பி', இரசாயனவியலுக்கு ஆகக் குறைந்த சித்தியான 'எஸ்'. அவன் 'ஏ' வரும் என்று நம்பியிருந்த பாடமே அதுதான். அம்மா சுட்டிலக்கத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னார், வேறு யாருடைய பெறுபேறோ என்று. விடிய முதல் கொக்குவில் மாமி தொலைபேசியில், "என்ன மோனே, படிக்கேல்லையோ?"

ரியூசன் சேர் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "எம்.சி.கியூ. எத்தனை சரி?" என்றுதான் கேட்டார், முதலாம் பத்திரத்தின் பல்தேர்வு வினாக்களைப் பற்றி. பரீட்சை முடிந்த அன்றே தம்பி தன் விடைகளை வினாத்தாளில் குறித்து வந்து சேரோடு சரிபார்த்திருந்தான். 50இல் 42. சேர் பழைய கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். இரண்டு பத்திரத்துக்கும் சரிபாதிப் புள்ளி. ஆகவே முதலாம் பத்திரத்தில் மட்டும் கையில் 42. 'எஸ்' என்றால் 35 தொடக்கம் 54 வரை. அப்படியென்றால் இரண்டாம் பத்திரத்துக்கு 50க்கு அதிகபட்சம் 12தான் கிடைத்திருக்கிறது. கட்டமைப்பு வினா நான்கு, கட்டுரை நான்கு, எல்லாம் எழுதிவிட்டு வந்தவனுக்கு 12! "இது படிப்புப் பிரச்சினை இல்லை, போடு மீள்பரிசீலனைக்கு" என்றார், விடைத்தாளைத் திரும்பப் பார்க்கக் கேட்கச் சொல்லி.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே வருடம் பௌதிகவியல் 'எஸ்'. அவளும் விண்ணப்பித்தாள். ஆனால் அவளுக்கு எம்.சி.கியூ.விலேயே பாதிதான் சரி, கட்டுரையும் ஒன்று முழுதாக விட்டது. மாறவில்லை. காசு போனதுதான் மிச்சம் என்று அவள் அப்பா இன்னும் சொல்லுவார். ஏமாற்றம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான், கணக்குத்தான் வேறு.

எங்கள் அப்பாவுக்குத் துணிவு தந்தது பழைய கதை. 2011ஆம் ஆண்டு உயர்தரத்தில் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் இரண்டையும் சேர்த்து, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியைப் போட்டது பிழை என்று 2012இல் உயர் நீதிமன்றமே சொன்னது. "நாடு முழுக்கப் பிழைக்கலாம் என்றால் ஒரு பிள்ளைக்குப் பிழைக்காதோ?" இதுதான் அவருடைய வாதம்.

காத்திருந்த காலம்தான் கொடுமை. பெறுபேற்றுத் தாளில் தரமும் இசட் புள்ளியும் இருக்கும், பாடத்துக்கு எத்தனை புள்ளி என்று இருக்காது. ஆகவே எவ்வளவு தூரம் தவறினோம் என்றே தெரியாமல் இருக்க வேண்டும். சேர் அவனைச் சும்மா இருக்க விடவில்லை, அடுத்த தடவைக்கான வகுப்பில் உட்கார வைத்தார். பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் இருந்த பெறுபேற்றோடு அனுப்பச் சொன்னார். மூன்று பாடமும் சித்தி என்பதால் அனுப்ப முடிந்தது. மீள்பரிசீலனை முடிவுக்காக அதை நிறுத்தி வைத்துத் திகதியைக் கோட்டை விட்ட பிள்ளைகளை அவர் கண்டிருக்கிறாராம்.

கடைசியில் 'எஸ்' 'பி' ஆனது. 'பி' 65இல் தொடங்குவதால், சேரின் கணக்குப்படி பார்த்தால் குறைந்தது பதினொரு புள்ளி எங்கேயோ விடுபட்டிருந்திருக்கிறது. கூட்டலில் போனதோ, ஒரு கட்டுரையே எண்ணப்படாமல் போனதோ, பரீட்சைத் திணைக்களத்திலிருந்து யாரும் சொல்லவில்லை. மாறிய பெறுபேறு மட்டும் வந்தது. இசட் புள்ளியும் ஏறியது, ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்தில் மருத்துவத்துக்கு அது எட்டவில்லை. தம்பி இரண்டாம் தடவையும் எழுதப் போகிறான். மாமிக்கு 'பி' வந்த செய்தியை அம்மா அன்றைக்கே எடுத்துச் சொல்லிவிட்டார்.