மறு: டெம்ப்ளர் ஆற்றலுக்குத் தமிழ்ச்சொல்

> குள்ளருக்கும் டெம்ப்ளருக்கும் "மந்திர எதிர்ப்பு" என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் ஐயா.

அப்படி வைத்தால், நாம் தமிழாக்கும் டிராகன் ஏஜ் கணினி விளையாட்டின் உலகக் கட்டமைப்பே குழம்பிவிடும். குள்ளர்கள் ஃபேட் என்னும் கனவுலகோடு தொடர்பற்றவர்கள். கனவு காண்பதில்லை, அவர்களில் மந்திரவாதியும் பிறப்பதில்லை. 2009இல் வந்த முதல் பாகத்தில், பகை மந்திரம் குள்ளர் மேல் பலிக்காமல் போக 10 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அது பிறவிக்குணம், அவர்கள் எதையும் செய்ய வேண்டியதில்லை.

மந்திரவாதிகளைக் கண்காணிக்கும் படைவீரரான டெம்ப்ளர் அப்படியல்ல, முனைந்து செய்கிறார். அவருடைய முதல் திறனில் வாள்வெட்டு ஒவ்வொன்றும் எதிரி மந்திரவாதியின் மானாவை, அதாவது மந்திரம் போடச் செலவாகும் ஆற்றலைக் குறைக்கும். இரண்டாவது, சுற்றியுள்ள மந்திர விளைவுகளை ஒரே வீச்சில் அகற்றும். நம் கூட்டாளி போட்ட காப்பு மந்திரமும் அதோடு போய்விடும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். விளக்க வரியில் இது தெளிவாக வர வேண்டும்.

செய்வினையை முறிப்பது என்று ஊரில் சொல்கிறோமே, அந்த வினையே போதும். திறனுக்கு "மந்திர முறிப்பு", திரையில் "மந்திரம் முறிந்தது". குள்ளரின் குணத்துக்கு "மந்திரம் ஏறாமை" என்பேன். விஷம் ஏறவில்லை என்பதுபோல. "எதிர்ப்பு" என்பது தீயையும் குளிரையும் எவ்வளவு தாங்கலாம் என்று காட்டும் எண்களுக்கு இருக்கட்டும்.

— மீ.

> டெம்ப்ளர் ஆற்றல் லிரியம் என்னும் மந்திரக் கனிமத்திலிருந்துதானே வருகிறது? "லிரிய முறிப்பு" என்றால் மூலமும் தெரியுமே.

மூலத்தைப் பெயரில் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. முதல் பாகத்தில் நம் கூட்டாளியான, டெம்ப்ளர் பயிற்சி பெற்ற அலிஸ்டர் லிரியம் உட்கொள்ளாமலே இத்திறன்களைச் செய்கிறார், நமக்கும் கற்றுத்தருகிறார். லிரியம் திறனைக் கூட்டுவதாகச் சொல்வார்கள் என்றும், டெம்ப்ளர்களைப் பிடியில் வைக்கச் சான்ட்ரி என்னும் சமய அமைப்புக்கு அது உதவுகிறது என்றும் அவரே சொல்கிறார். லிரிய வணிகம் சான்ட்ரியின் கையில். பழகியவர் நிறுத்தினால் என்ன பாடு என்பதை 2014 பாகத்தில் முன்னாள் டெம்ப்ளர் கல்லனிடம் பார்க்கிறோம். டெம்ப்ளர்களை மேற்பார்க்கும் சீக்கர்களோ லிரியமே இல்லாமல் ஆற்றல் பெறுகிறார்கள். உணர்வற்றுப்போன மனத்தை நம்பிக்கை ஆவி ஒன்று தொடுவதால் வருவது அது.

இன்னொன்று. அதே லிரியம்தான் மந்திரவாதியின் மானாவையும் நிரப்புகிறது. "லிரிய முறிப்பு" என்றால் லிரியத்தை முறிப்பது என்றே படிப்பார்கள்.

— மீ.

அம்மா, "முறிப்பு" எனக்கும் சரி. ஆனால் குள்ளரையும் டெம்ப்ளரையும் முற்றாகப் பிரித்துவிடாதீர்கள். 2015இல் வந்த கூடுதல் பகுதியில் லிரியம் டைட்டன்கள் என்னும் நிலத்தடிப் பேருயிர்களின் குருதி என்று தெரிகிறது. குள்ளர்களின் வேரும் டைட்டன்களே. டெம்ப்ளரின் உடல் பழையதும் பெரியதுமான ஒன்றை நாடுகிறது, அது நிறைந்த இடத்தில் மந்திரம் நுழையாது என்ற பொருளில் 2014 பாகத்தின் கூட்டாளி கோல் பேசுவதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகவே விளையாட்டின் கலைக்களஞ்சியப் பகுதியில் டெம்ப்ளரைப் பற்றியும் "மந்திரம் ஏறாத" என்ற தொடர் ஓரிடத்திலாவது வரட்டும். திறன் பொத்தானில் "முறிப்பு" மட்டும்.

— க.

ஏற்கிறேன். சீக்கரான கசாண்ட்ரா எதிராளியின் குருதியிலுள்ள லிரியத்தை எரியவைப்பது முறிப்பில் சேராது. அதற்கு "லிரிய மூட்டல்" என்று குறித்துவைக்கிறேன்.

— மீ.