கடலூர் மாநகராட்சி: வரியை ஏற்றுவதா, நிலுவையை வசூலிப்பதா?

கெடிலக்கரையான்:
1866 முதல் நகராட்சியாக இருந்த நம் ஊர் 2021இல் மாநகராட்சி ஆனது. பெயர்ப்பலகையின் சாயம் காய்வதற்குள், 2022 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் சொத்துவரிச் சீராய்வு வந்தது. சென்னைக்கு வெளியே 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்தினார்கள். அதன்பின் ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏற்றும் ஏற்பாடும் சேர்ந்துகொண்டது. 900 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு வரி 1,000 ரூபாயாக இருந்திருந்தால் அது 1,500 ஆகி, அடுத்த ஏற்றத்தில் 1,590 ஆகிறது. ஒழுங்காகக் கட்டுபவனிடமே மேலும் கேட்பதற்கு முன், 45 வார்டுகளுக்கும் கேட்பு (கட்டச் சொல்லி விதிக்கும் வரித்தொகை), வசூல், நிலுவைப் பட்டியலை வார்டுவாரியாக வெளியிட வேண்டும் என்பது என் வாதம்.

முதுநகர் தணிக்கையாளர் (ஓய்வு):
பட்டியலை வெளியிடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஐயா ஒன்றை விட்டுவிட்டார். 2008க்குப் பிறகு 14 ஆண்டுகள் இங்கே வரி உயரவில்லை; 2018இல் உயர்த்தியதும் 2019இல் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் சம்பளமும் தெருவிளக்கு மின்கட்டணமும் மட்டும் பொறுத்துக்கொண்டு நிற்கவில்லை. மத்திய வரிப்பணத்தைப் பகிரப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதி ஆணையம், 2021–26 காலத்துக்கு, மாநில உற்பத்தி வளரும் வேகத்துக்கேற்ப சொத்துவரி வசூலும் வளர வேண்டும் என்பதை நகர்ப்புற மானியத்துக்கு நிபந்தனையாக வைத்தது. கிடைத்த அந்த மானியத்திலும், நம்மைப் போன்ற ஊர்களுக்கு 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டுண்டது. அதை எடுத்துச் சம்பளம் போட முடியாது. அதற்குச் சொந்த வருவாயும், மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி மாநில அரசு தன் வரியிலிருந்து தரும் பகிர்வும்தான் கதி. நிலுவை என்பது ஒருமுறை இறைத்தால் வற்றும் கிணறு. நடப்புக் கேட்புதான் ஊற்று.

கெடிலக்கரையான்:
கிணறு வற்றுவதில்லை ஐயா, அரையாண்டுக்கு ஒருமுறை புது நிலுவை வந்து சேருகிறது. அதைவிடப் பெரிய ஓட்டை அளவில் இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் நான் தினமும் கடக்கும் ஒரு கட்டடத்தில் கீழே குடித்தனம், மேலே தனிப்பயிற்சி மையம்; மாலையில் வாசலில் நாற்பது சைக்கிள்கள் நிற்கும். ரசீதில் அது இன்றும் மாடியே இல்லாத குடியிருப்பு. மறு அளவீடு செய்தாலே விகிதத்தைத் தொடாமல் கேட்பு கூடும். மாநகராட்சிக் கடைகளின் வாடகைக்கும் இதே கணக்குதான்.

புதுவைவாசி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். 2011க்குப் பிறகு எல்லாம் அதிகாரிகள் கையில். யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய நிதி ஆணையத்தின் உள்ளாட்சி மானியமும் எங்களுக்கு இல்லை. வரி பற்றி முறையிட உங்களுக்கு ஒரு கவுன்சிலர் வீட்டுத் திண்ணையாவது இருக்கிறது.

முதுநகர் தணிக்கையாளர் (ஓய்வு):
மறு அளவீட்டுக்கு நானும் கைதூக்குகிறேன். பணியில் இருந்தபோது தணிக்கைத் தடையாக (கணக்கில் கண்ட குறையாக) நான் அதிகம் எழுதியதே அதைத்தான். ஆனால் நாடா பிடித்து ஆள் வந்த மறுநாளே அதுவும் 'வரி உயர்வு' என்றுதான் தெருவில் பேசப்படும், மனுவில் முதல் கையெழுத்து அந்த மாடிக்காரருடையதாக இருக்கும். அவர் உங்களிடம் ஆதரவு கேட்டு வந்தால் எந்தப் பக்கம் நிற்பீர்கள்?

கெடிலக்கரையான்:
அவர் என் சித்தப்பா மகன். ஏற்கெனவே பேசிப் பார்த்துவிட்டேன். இரண்டு மாதமாக என்னோடு பேச்சுவார்த்தை இல்லை.